பதினெட்டுப் பல்

தம்பி, செவ்வாய்க்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் "சரி, பாக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நானும் கத்துவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது. எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும், விஷயத்தில் பிழை இருக்காது.

நீ கேட்டதை நானே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், எப்படி இருக்கிறதென்று நீயும் பார். வருகிற ஞாயிறு இல்லாமல் அதற்கடுத்த ஞாயிறு, உடையார்பாளையத்திலிருந்து தேன்மொழி வீட்டார் பதினைந்து பேர் நம் வீட்டுக்குக் கை நனைக்க வருகிறார்கள். நம் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள் என்றால் உன் கல்யாணம் உறுதி. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார்கள் என்றால் இல்லை. நிலம் உள்ள குடும்பம், கேள்வி கேட்டுத்தான் பெண் கொடுப்பார்கள். அவர்களிடம் நீ, அப்பாவின் சைக்கிள் கடையை ஆள் வைத்து நடத்துகிறோம் என்று சொல்லியிருக்கிறாய். நம் வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கும் சகுந்தலாவைப் பற்றி மூச்சே விடவில்லை. "சமையல் யாரு பண்ணதுன்னு கேப்பாங்கம்மா. அவங்க எந்தத் தெருன்னு அடுத்து கேப்பாங்க. ரெண்டே ரெண்டு நாளு, அவங்க தங்கச்சி வூட்டுல இருந்துட்டு வரட்டும். கடையையும் சாத்திடு" என்றாய். அவங்க என்றாய். காலேஜுக்குப் போகும்வரை உனக்கு அவள் சின்னம்மா. எந்த வருடத்தில் அவங்க ஆனாள் என்று யோசித்துப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

உனக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், நீ ஒன்பதாவது படித்தபோது நடந்த அந்தக் குவாரி ரேஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீயும் அங்கே இருந்தாய், ஆனால் பாதியைத்தான் பார்த்தாய். நீ பார்க்காத பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் அப்பா காமாலையில் போனபோது உனக்கு எட்டு வயது. பாடாலூர் ரோட்டோரம் அவர் விட்டுப்போன கடையில் வாடகைச் சைக்கிள் பன்னிரண்டு இருந்தன. அவர் இருந்தவரை என் கையில் ஒரு ஸ்பேனரைக்கூடக் கொடுத்ததில்லை. சித்தப்பாக்கள் கடையை விற்றுவிடச் சொன்னார்கள். நான் ஒரு பழைய ஃப்ரீவீலைக் கழற்றினேன். பின்சக்கரத்தில் செயின் ஓடும் அந்தப் பல் சக்கரம்தான். உள்ளே இருந்த கடுகளவு குண்டுகள் சாப்பாட்டுத் தட்டில் கொட்டின. திரும்ப மாட்ட மூன்று நாள் பிடித்தது. நான்காவது நாள் சுற்றியது. அப்படித்தான் எல்லாவற்றையும் கற்றேன், கழற்றியும் மாட்டியும், விரலை நசுக்கிக்கொண்டும். ஆனாலும் ஊரில் என்னிடம் பஞ்சர் மட்டும்தான் ஒட்டக் கொடுத்தார்கள். வளைந்த ரிம்மை நேராக்கிப் பெண்டு எடுக்க வேண்டுமென்றால் சைக்கிளை பஸ் மேல் ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனார்கள். என் கடை வாசலிலேயே நின்றுதான் பஸ்ஸுக்குக் கை காட்டுவார்கள். ஆறு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்த மலைச் சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. பேர்தான் மலைச் சைக்கிள், நம் பக்கம் வந்தவற்றில் கியர் கிடையாது. வாடகைக்கு விட இரண்டு வாங்கினேன். பொங்கலுக்கு முந்திய மாதம் யாரோ என் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அரியலூர் பக்கத்தில் ஓர் ஊர், அங்கே கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரியைச் சுற்றிப் பொங்கலுக்கு மூன்று சுற்று மலைச் சைக்கிள் ரேஸ். கியர் உள்ள சைக்கிள் சேர்க்கப்படாது. இரண்டு பேர் ஓர் அணி, ஆளுக்கு ஒரு சைக்கிள். இரண்டாவதாக வருகிறவர் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம். எழுத்துக் கூட்டி நாலு முறை படித்தேன். பெண்கள் கூடாது என்று எங்கேயும் இல்லை. நான் பெண்டு எடுத்த சக்கரம் எப்படி ஓடும் என்று பெரம்பலூர், அரியலூர் இரண்டுக்கும் ஒரே நாளில் காட்டிவிடலாம் என்று தோன்றியது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கூட வர ஆள் வேண்டுமே. சகுந்தலாவைக் கேட்டேன். அப்போது அவள் நம் கடையில் சைக்கிள் எடுத்து, தினமும் முப்பது கிலோ காய்கறியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆறு ஊர் சுற்றி விற்பவள். புருஷன் விட்டுவிட்டுப் போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எந்த ஏற்றத்திலும் அவள் இறங்கித் தள்ளி நான் பார்த்ததில்லை. "எனக்கென்னக்கா, மூட்டை இல்லாம ஓட்டுனா அது எனக்கு லீவு மாதிரி" என்று சிரித்தாள்.

ஒரு வாரம் முன்னாலேயே இரண்டு பேரும் போய்க் குவாரியைச் சுற்றி நடந்தோம். விளிம்போடு நீளமான சமதளம், பிறகு பள்ளத்துக்குள் இறக்கம், பிறகு லாரி ஏறிப் போன பழைய சரிவில் மேலே ஏற வேண்டும். சரிவு சின்னதுதான், ஆனால் சுவர் மாதிரி நின்றது. கியர் இல்லாத சைக்கிளில் பின்சக்கரப் பல்லை வீட்டிலேயே தீர்மானித்து மாட்டிக்கொண்டு போய்விட வேண்டும், வழியில் மாற்ற முடியாது. பதினெட்டுப் பல் என்றால் சமதளத்தில் பறக்கலாம், ஏற்றத்தில் கால் கனக்கும். இருபத்திரண்டு என்றால் ஏற்றம் லேசு, சமதளத்தில் காலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கேயே சண்டை ஆரம்பித்தது.

"யக்கா, இருவத்திரெண்டு போடு. இதப் பாத்தியா, ஏணி மாதிரி நிக்குது."

"முக்காவாசி சமதளம்டி. பதினெட்டுதான். ஏத்தத்துல போற நேரத்தை அங்க புடிச்சிரலாம்."

"நீ கடையில உக்காந்து சொல்றே. நான் ஏறுறவ. என் காலு சொல்லுது."

"உன் காலுக்கு என்னடி தெரியும்?"

"உன் ஸ்பேனருக்குத் தெரியாதது தெரியும். உன் சைக்கிள்ல பதினெட்டோ பதினாறோ போட்டுக்க. என்னுதுல இருவத்திரெண்டுதான்."

சரியென்று ஒத்துக்கொண்டேன். மாட்டியும் கொடுத்தேன். ரேஸுக்கு முதல்நாள் மதியம் அவள் காய்கறி வாங்கப் போயிருந்தபோது, அவள் சைக்கிளில் இருந்த இருபத்திரண்டைக் கழற்றிவிட்டுப் பதினெட்டை மாட்டினேன். செயினில் இரண்டு கண்ணி வெட்டி இழுத்துக் கட்டினேன். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. சமதளத்தில் அவள் பின்தங்குவாள், அவளுக்காக நான் நின்றுகொண்டிருக்க வேண்டியிருக்கும், கடைப் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தேன். நான் நினைத்தால் அதுதான் சரி என்றும் நினைத்தேன். நீ பார்க்காத பாதி இதுதான்.

மறுநாள் அரியலூரில் பஸ் மேலிருந்து சைக்கிளை இறக்கி மிதித்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "என்னக்கா கனமா இருக்கு?" என்றாள். "புது கிரீசு போட்டிருக்கேன். ஓட ஓட லேசாயிடும்" என்றேன். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் சொன்னால் போதும் அவளுக்கு.

பெயர் எழுதும் மேஜையில் இருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு பேரும் புடவையை ஏற்றிச் செருகி, மேலே ஆண் சட்டை போட்டிருந்தோம். "ஏம்மா, கோலப்போட்டி அந்தப் பக்கம்" என்றார். "கோலம் மூணு மணிக்குன்னு இப்பத்தானே மைக்குல சொன்னீங்க. ரேஸு பத்து மணிக்கு. ரெண்டுக்கும் எழுதிக்கிங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர் நோட்டீஸை எடுத்துத் தேடினார், பெண்கள் கூடாது என்ற வரி அவருக்கும் கிடைக்கவில்லை. பதினான்கு அணிகளில் ஒன்றாக எங்களை எழுதிக்கொண்டார்கள். "யக்கா, முடியலன்னா ஒரு சைக்கிள்ல டபுள்ஸ் வந்துருங்க" என்று ஒருவன் கத்தினான். சகுந்தலா திரும்பி, "ஒன்னையும் சேத்து ட்ரிபிள்ஸே ஏத்துவேன், வரியா?" என்றாள். அவன் கூட்டாளிகளே அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முதல் சமதளத்தில் நாங்கள் நாலாவதாகப் போனோம். முதல் ஏற்றத்தில் நான் எழுந்து நின்று மிதித்து ஏறிவிட்டேன். எனக்கு அப்போது உடம்பில் எடையே கிடையாது. அவள் நல்ல ஆகிருதி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். இரண்டாவது சுற்றில் பாதிச் சரிவில் நின்றுவிட்டாள். மூன்றாவது சுற்றில் அடியிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். மேலே நின்றுகொண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏறுடி! மூட்டை சொமக்கறப்ப இருந்த தெம்பு இப்ப எங்கடி போச்சு?" என்று ஊர் கேட்கக் கத்தினேன். அவள் மேலே பார்த்து, "காலு வரலக்கா, காலு வரமாட்டேங்குது" என்றாள். மைக்கில் இருந்தவன், "காய்கறி அக்கா சைக்கிளுக்கு லிஃப்ட் குடுக்குறாங்க!" என்றான். குவாரியே சிரித்தது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி மேலே வந்து, ஏறி மிதித்துக் கோட்டைத் தொட்டாள். பன்னிரண்டாவது வந்தோம். அந்தச் சிரிப்பு கேட்டதும் மேட்டில் உன் வகுப்புப் பையன்களோடு நின்றிருந்த நீ, கோட்டுக்கு வராமல் பஸ் ஏறிப் போய்விட்டாய். சின்னப் பையன், வெட்கம், எல்லாம் எனக்குப் புரியும். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எழுத மாட்டேன். உன்னைவிடப் பெரிய தப்பை நான் அன்று செய்திருந்ததால் உன்னைக் கேட்காமல் விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். "கடைக்காரம்மா சைக்கிளு அம்பு மாதிரி போச்சுப்பா. கூட வந்த அம்மாவுக்குத்தான் முடியல" என்று பேசிக்கொண்டார்கள். தை முடிவதற்குள் ரிம் பெண்டு எடுக்க என்னிடம் வர ஆரம்பித்தார்கள். பெரம்பலூருக்கு பஸ் மேல் போன சைக்கிள்கள் நின்றன. அங்கிருந்துகூட இரண்டு பேர் தேடி வந்தார்கள். உன் படிப்பு, ஹாஸ்டல், நீ இன்று போட்டிருக்கும் சட்டை, எல்லாம் அந்த ஒரு பேச்சின் மேல் நின்றவை. அந்தப் பேச்சில் சகுந்தலாதான் முடியாதவள். அவளும் அதை நம்பினாள். முப்பத்தைந்து வயதில் தன் முட்டி தேய்ந்துவிட்டது என்று நம்பினாள். ஏற்றத்தைப் பார்த்தாலே பயந்தாள், ஒவ்வொரு ஊராகக் குறைத்தாள், ஆறு மாதத்தில் காய்கறியையே விட்டுவிட்டாள். பஞ்சர் ஒட்ட நம் கடைக்கு வந்தாள், பிறகு நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். இரவு அவள் முட்டிக்கு நான் தைலம் தேய்த்துவிடுவதை நீ எத்தனை முறை பார்த்திருப்பாய். அக்காவுக்கு எவ்வளவு பாசம் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்வாள். முதல் வாரம் சொல்லப் பயந்தேன். கடைக்கு ஆள் வர ஆரம்பித்ததும் சொல்ல மனம் வரவில்லை. அதன் பிறகு சொல்லாததே பழக்கமாகிவிட்டது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வா. நீ போனை வைத்ததும் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் உன் கல்யாணம் என்ற எண்ணம் அதைவிடப் பெரிதாக வந்தது. புதன்கிழமை காலை அவளிடம், "சகுந்தலா, ரெண்டு நாளு தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு வாயேன். முட்டிக்கும் ஓய்வா இருக்கும்" என்றேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "ஆமாக்கா, இந்தப் பனிக்கு வலி உசுரு போவுது" என்று சொல்லிப் பையில் புடவையை மடித்து வைக்க ஆரம்பித்தாள். புது கிரீஸ் என்று சொன்ன அதே வாய், தம்பி. அதே நைசான குரல். எனக்கே கேட்டது. உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டுப் பல்லைச் சொன்னேன், வெட்டிய கண்ணியைச் சொன்னேன். நீ போனில் கேட்டதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் எழுந்து நின்றாள். அவளுக்கு முதலில் வந்தது அழுகையில்லை. "ஒம்போது வருசமா எனக்கு முட்டி தேஞ்சு போச்சுன்னு தைலம் தேச்சுக்கிட்டிருக்கேன். நீயும் பக்கத்துல உக்காந்து தேச்சு விட்டிருக்கியேக்கா!" என்று கத்தினாள். அந்தத் தைலப் புட்டியை எடுத்துத் தெருவில் எறிந்தாள். "அந்த மைக்குக்காரன் சிரிச்சது இன்னும் என் காதுல இருக்கு. நீ மேல நின்னு கத்துனியே, அதுவும் இருக்கு. நான் சோத்துக்கில்லாம இங்க வந்து விழல, எனக்குக் காலு போச்சுன்னு வந்தேன்" என்றாள். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை கடையிலிருந்து ஒரு சைக்கிளை எடுத்தாள், இருபத்திரண்டுப் பல்லைத் தானே தேடி எடுத்து மாட்டினாள், ஏறிப் போய்விட்டாள். மதியம் வேர்வையில் சட்டை நனைந்து திரும்பி வந்தாள். எங்கே போனாள், எந்த ஏற்றத்தில் ஏறினாள், ஏறினாளா என்று நான் கேட்கவில்லை. இன்று சனிக்கிழமை, இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மன்னிப்பாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் மடித்து வைத்த புடவையை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டாள். இது என் வீடு மாதிரியே அவள் வீடும்தான் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகவே நான் சொல்வது இது. ஒருவரை ஓரமாக நிறுத்திவிட்டு நல்ல பெயர் வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும், ஒன்பது வருடம் அதைச் செய்து பிழைத்திருக்கிறேன். தேன்மொழி வீட்டில் நீயும் அதையே ஆரம்பிக்கிறாய். ரெண்டு நாளு என்கிறாய். கல்யாணத்தன்று அவள் எங்கே நிற்பாள்? வளைகாப்புக்கு? பிள்ளை பிறந்தால் தூக்கலாமா கூடாதா? ரெண்டு நாளில் முடிகிற பொய்யை நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் ஒரு நாள் இதைத் தெரிந்துகொண்டு உன்னைக் கேட்கும்போது, நீ என்னைப் போல வாயில்லாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இந்தக் கடிதம் செவ்வாய் புதனில் உன் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமைக்குள் நீயே உடையார்பாளையம் போ. போனில் சொல்லாதே, நேரில் போய் அந்தப் பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் சொல். என் அம்மா ஸ்பேனர் பிடிக்கிறவள், கிரீஸ் கையோடுதான் இருப்பாள், கடையை அவள்தான் நடத்துகிறாள் என்று சொல். என்னை வளர்த்தவர்களில் சகுந்தலாவும் ஒருத்தி, எங்கள் வீட்டில் அவள்தான் சமைக்கிறாள், அவள் இந்தத் தெருக்காரி என்று தெருவின் பெயரையும் சேர்த்துச் சொல். ரோட்டை நாலு வழிச்சாலை ஆக்க அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எங்கள் கடை முகப்பு அதற்குப் போனாலும் போகும், பின்னால் தள்ளிப் போட்டு நடத்துவோம் என்பதையும் சொல். நீ சொல்லாமல் அவர்களை அழைத்து வந்தாயானால், இலையில் உட்காரும் முன்னால் நான் சொல்லுவேன். கடை திறந்துதான் இருக்கும்.

நேற்று அவளிடம் போய், "அந்த ஞாயித்துக்கிழமை சமையல் நீதான்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எத்தனை பேரு?" என்று மட்டும் கேட்டாள். பதினெட்டுப் பேர் என்றேன், நம் மூன்று பேரையும் சேர்த்து. அவர்கள் எல்லாம் தெரிந்து வந்து உட்கார்ந்தால், தேன்மொழியை நான் தலையில் வைத்துக்கொள்வேன். வேண்டாம் என்று சொன்னார்களானால் அதை நீயே நின்று கேட்டுக்கொண்டு, அங்கிருந்து நேராக வீட்டுக்கு வா. பதினைந்து இலையைக் குறைத்துக்கொண்டு, மூன்று இலை போடுவேன்.